நாலாவது நிலைப்பாடு

“நாலாவதை எடுங்க மாமா! மத்ததெல்லாம் இருக்கட்டும், நாய்கூட இருக்கட்டும். நாலாவதை மட்டும் எடுங்க!”

“எடுக்க முடியாது லா. அச்சடிச்சாச்சு.”

“அச்சடிச்சா? அது என்ன செப்புப் பட்டயமா? ஆயிரம் தாளுதானே, கொளுத்திட்டு வேற அடிங்க!”

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. சண்டை போட ஈப்போவின் புந்தோங்கில் அந்தச் சந்துக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வேலைக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள், டிவியில் நாடகம் இன்னும் தொடங்கவில்லை. மோட்டார் துடைக்கிற சாக்கில் நாலு பேர், காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் ஆறு பேர். எந்தச் சாக்கும் தேடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள்தான் நேர்மையானவர்கள்.

கேட்டுக்கு உள்ளே நின்றவர் மாயாண்டி. ஐம்பத்து மூன்று வயது. தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். பதினெட்டாங்கட்டைத் தோட்டம் இருக்கிற சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினர், அதாவது ஒய்.பி., மாரடைப்பில் போய்ச் சேர்ந்து இடைத்தேர்தல் வந்ததும், எந்தக் கட்சியும் கூப்பிடாமலே சுயேச்சையாக நிற்கிறேன் என்று கிளம்பியவர். கேட்டுக்கு வெளியே நின்று கத்தியவன் ரூபன், மாயாண்டியின் மனைவி முத்தம்மாவுக்குத் தம்பி. ஏர்கான் பழுது பார்ப்பது தொழில். பதினெட்டாங்கட்டைத் தோட்ட வீட்டுக் கமிட்டிக்குச் செயலாளராக இருப்பது பெருமை.

ரூபன் கையில் மடித்துப் பிடித்திருந்த தாளில் ‘மாயாண்டியின் ஐந்து நிலைப்பாடுகள்’ என்று சிவப்பில் போட்டிருந்தது. முதலாவது, அடைத்துக்கொண்ட கால்வாய்கள். இரண்டாவது, தமிழ்ப்பள்ளிக்குப் பஸ். மூன்றாவது, கோயில் நிலத்துக்குப் பட்டா. ஐந்தாவது, தெருநாய். இவற்றை யாரும் படிக்கவே இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைப் பற்றிய நாலாவதுதான் சந்து முழுக்கப் பற்றிக்கொண்டது: ‘பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தில் கட்டியிருக்கும் நாற்பது வீடுகளும், லயத்தில் இன்றும் குடியிருப்போருக்கே.’

“இதோ பாருங்க எல்லாரும்,” என்று ரூபன் சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்து, அரிச்சந்திரன் நாடகத்தில் சாட்சி காட்டுவதுபோல் தூக்கிக் காட்டினான். “கவர்மெண்டு குடுத்த அடையாளக் கார்டு. என்ன போட்டிருக்கு? மூணாவது லயம், பதினாலாம் நம்பர் வீடு. நான் தோட்டத்துக்காரனா இல்லையா?”

“அந்த வீட்டுல நீ கடைசியா என்னைக்குப் படுத்தே?”

“படுக்கறது வேற மாமா, முகவரி வேற!”

“இப்போ அங்கே பங்களாதேஷ்காரப் பையனுங்க நாலு பேரு படுத்திருக்கானுங்க. வாடகை உன் பையில படுத்திருக்கு.”

சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. சிரித்தவர்களின் பைகளிலும் அதே தோட்டத்து முகவரி போட்ட ஐசிகள்தான் இருந்தன.

முத்தம்மா உள்ளேயிருந்து மாவுக் கையோடு வந்தாள். சந்தை வியாபாரிகளுக்கு முறுக்குப் பிழிந்து கொடுக்கிறவள். “ஏங்க, அவன்தான் எடுக்கச் சொல்றான்ல, எடுத்துட்டா என்னவாம்? நம்ம பேரும் அந்த வீட்டு லிஸ்ட்டுல இருக்குல்ல? நம்ம பொண்ணு தினேஸ்வரிக்கு நாளைக்கு ஒரு வீடு வேணாமா?”

மாயாண்டி இதை வீட்டுக்குள் வைத்து, சோறு தின்ற பிறகு, விளக்கணைக்கிற சமயம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குள் ஒரு வேட்பாளர் எழுந்து விடுவார்.

“நம்ம பேரு லிஸ்ட்டுல இல்லை. வியாழக்கிழமையே ரெஜிஸ்ட்ரேசன் ஆபீசுக்குப் போயி என் ஐசி முகவரியை இந்த வீட்டுக்கு மாத்திட்டேன். நாலாவதைச் சொல்றவன் முதல்ல தான் செஞ்சு காட்டணும்.”

மதம் மாறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடச் சந்து இப்படி மூச்சை இழுத்திருக்காது. முத்தம்மா கையிலிருந்த மாவை மெதுவாக உருட்டி, திரும்பி உள்ளே போனாள். அவள் கத்தியிருந்தால் மாயாண்டிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு ராக்காயி பிறகு சொன்னாள். அவள் சொன்னது சரிதான்.

ரூபன் குரலைத் தாழ்த்தினான். அதுதான் கெட்ட அறிகுறி.

“சரி மாமா. லயத்துல குடியிருக்கறவங்களுக்குத்தான் வீடு. உங்க அக்கா வீரம்மா குடியிருக்காங்கல்ல? அவங்க பேரு லிஸ்ட்டுல இருக்கான்னு என்னைக்காவது பார்த்தீங்களா?”

“அவ அங்கேயே பொறந்து அங்கேயே கெடக்கறவ. அவ பேரு இல்லாம யாரு பேரு இருக்கும்?”

“போயி அவங்க ஐசியைப் பாருங்க,” என்றான் ரூபன். மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டான்.

•

பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தைக் கம்பெனி விற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. ரப்பர் பால் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டி வீடமைப்புக்குக் கொடுத்தார்கள். வாங்கிய மேம்பாட்டாளர், லயத்து மக்களுக்கு நாற்பது வீடு கட்டித் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அதற்குள் முக்கால்வாசிப் பேர் புந்தோங்குக்கு வந்தாகிவிட்டது. உடம்பு வந்தது, சட்டி பானை வந்தது, சாமி படம் வந்தது. முகவரி மட்டும் வரவில்லை. ஐசியில் முகவரியை மாற்றினால் வீட்டு உரிமை போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இதுவரை தெரியவில்லை, ஆனால் அதைவிட உறுதியாக எந்தச் சட்டத்தையும் இந்த மக்கள் கடைப்பிடித்ததில்லை. கணக்குப்படி பார்த்தால், சந்தில் பாதி வீடுகளில் ஆளே கிடையாது. எல்லாரும் முப்பது கிலோமீட்டர் தள்ளி லயத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஓட்டும் அங்கேதான். அதனால்தான் மாயாண்டி அந்தத் தொகுதிக்கான பிரசாரத்தைப் புந்தோங்கில் செய்துகொண்டிருந்தார்.

நிஜமாக லயத்தில் மிஞ்சியது ஒன்பது குடும்பம். கமிட்டியின் பட்டியலில் நூற்றுப் பதினெட்டுப் பெயர். வீடு நாற்பது. இந்தக் கணக்கு உதைத்ததால்தான் வருஷக்கணக்காக ஒரு செங்கலும் ஏறாமல் கிடந்து, போன வருஷம் ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். தேர்தல் முடிந்ததும் வீட்டைக் கொடுத்துவிட்டு லயத்தை இடிப்பது என்று நோட்டீசும் ஒட்டியாகிவிட்டது. வீடு கிடைக்காதவர்களுக்கு எங்கே போவது என்று நோட்டீசில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயாண்டி லயத்துக்குப் போனபோது வீரம்மா தபால் பிரித்துக்கொண்டிருந்தாள். அது அவள் சம்பளமில்லாத உத்தியோகம். புந்தோங்கில் இருப்பவர்களின் பேங்க் கடிதம், போலீஸ் சம்மன், பள்ளிக்கூட நோட்டீஸ் எல்லாம் லயத்துக்குத்தானே வரும்? சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பைக்கு ஒரு குடும்பம். அவளுக்கு எழுத்து தெரியாது. தபால்காரப் பையன் பேரை வாசிப்பான், அவள் பையில் போடுவாள். யாருக்கு எத்தனை சம்மன் என்பது அவளுக்குத் தெரிகிற அளவுக்கு அவரவர் பெண்டாட்டிகளுக்குத் தெரியாது.

“ரூபனுக்கு மூணு சம்மன் வந்திருக்கு. எல்லாம் ஒரே சிக்னல். கண்ணு தெரியலையா அவனுக்கு?”

“அக்கா, உன் ஐசியைக் குடு.”

“எதுக்குடா?”

“குடு லா.”

மாயாண்டி கார்டைக் கையில் வாங்கி, சன்னல் பக்கம் திருப்பினார். புந்தோங் முகவரி. அவருடைய சொந்த வீட்டு நம்பர்.

பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏழு வருஷத்துக்கு முன்பு சர்க்கரையில் வீரம்மாவின் கால் புண்ணாகி, டவுன் ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு தடவை கட்டுப்போட அழைத்துப்போக வேண்டியிருந்தது. நலத்துறை உதவி வாங்க, டவுன் முகவரி இருந்தால் சுலபம் என்றார்கள். இவர்தான் அவளை வேனில் ஏற்றிப்போய், கவுண்டரில் நிறுத்தி, விரலை வைக்கச் சொல்லி முகவரியை மாற்றினார். பத்து நிமிஷ வேலை. அன்றைக்குச் சந்தில் எல்லாரிடமும், ‘அக்காவுக்கு உதவித்தொகை வாங்கிக் குடுத்துட்டேன்’ என்று பெருமையாகவும் சொன்னார். தன் குடும்பத்தில் லயத்தைவிட்டுக் குடிபோகாத ஒரே ஆளை, தன் கையாலேயே லயத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

“உன் பேரு லிஸ்ட்டுல இல்லக்கா.”

வீரம்மா இரண்டு கடிதங்களைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். “நீதானே மாத்துனே?”

“ஆமா.”

“அப்போ நீயே சேர்த்துடு.”

“வீடு கிடைக்கலைன்னாலும் என்கூட வந்து இருக்கலாமேக்கா.”

“கால் புண்ணு வந்தப்போ பதினோரு நாளு இருந்தேனே. உன் பொண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லலை. டீத்தண்ணி டம்ளரை மட்டும் ஓங்கி வைப்பா. பதினோரு நாளும் ஒரே சத்தம்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. சம்மன் கணக்கு சொன்ன அதே குரல். “எனக்கு ஒரு கதவு வேணும் மாயா. உள்ளே போயித் தாழ்ப்பா போட்டுக்க ஒரு கதவு. அவ்ளோதான்.”

•

நிலைப்பாடுகளை எழுதிக் கொடுத்தவர் தம்பிமுத்து. நில அளவை இலாகாவில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம். மாயாண்டி அவருடைய மனைவியை டயாலிசிஸுக்கு வேனில் அழைத்துப்போன பழக்கம். சந்துக்காரர்களுக்கு அவர் மேல் மரியாதை உண்டு, நெருக்கம் கிடையாது. அவர் பேசுவது செய்தி வாசிப்பதுபோல் இருக்கும் என்பார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் நில அலுவலகத்துக்குப் போனார்கள். கவுண்டரிலிருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தாள். “நாமா தாக் அடா லா, பாக்சிக்,” என்றாள். பெயர் இல்லை. கமிட்டி கொடுக்கிற பட்டியல்தான் பட்டியல். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால், அங்கேயே குடியிருக்கிறவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, இங்கே வாழ்கிறது நாங்கள்தான் என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தால் பட்டியலையே மறுபடி சரிபார்ப்பார்கள்.

வெளியே வந்ததும் தம்பிமுத்து குடையைத் தரையில் ஊன்றினார். “பாத்தீரே? அதுதான் வழி. எட்டுக் குடும்பம் கையெழுத்து வைச்சால் போதும். உம்மட அக்காவும் உள்ளுக்கு வருவா, நாலாவதும் நிக்கும். வேட்பு மனுவுக்கும் அவையளே முன்மொழியலாம். ரூபனிட்டைப் போக வேண்டாம்.”

“அவங்க கையெழுத்துப் போடுவாங்களா சார்?”

“போய்க் கேளும்.”

மாயாண்டி அன்றைக்கே போய்க் கேட்டார். முதல் வீடு ராமையாவுடையது. முன்பு தோட்டத்து லாரியில் ரப்பர் பால் ஏற்றியவர், எழுபது வயது, வீரம்மாவுக்கு அடுத்த வீடு. மாயாண்டி தாளை நீட்டி எல்லாவற்றையும் விளக்கினார். ராமையா தாளைத் தொடவில்லை.

“பார்க்கலாம் தம்பி,” என்றார். “பசியாறிட்டியா?”

அடுத்த வீட்டிலும் பார்க்கலாம். அதற்கடுத்த வீட்டில் கோப்பி கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். எட்டாவது வீட்டில் ஒரு கிழவி, “தோட்டத்தை வித்தப்போ ஒரு தாளுல கையெழுத்துப் போட்டோம். மறுநாள் வேலை இல்லைன்னுட்டான்,” என்று சிரித்தாள். மாயாண்டி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேனுக்கு வந்தார். பயந்த ஜனங்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இவர்களுக்காகவா நான் நிற்கிறேன் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

•

வீட்டில் முத்தம்மா சனிக்கிழமையிலிருந்து அவரோடு நேரே பேசவில்லை. “தினேஷு, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு,” என்பாள், அவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. தினேஸ்வரி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், இருபத்தாறு வயது. தேர்தல் நோட்டீசைத் தன் கைப்பேசியிலேயே வடிவமைத்துக் கொடுத்தவள் அவள்தான். “அப்பா, அம்மா கூப்பிடுறாங்க. அப்பா, அம்மா ரசம் வேணுமான்னு கேக்கறாங்க,” என்று இரண்டு நாட்டுக்கு நடுவே தூதர் வேலை பார்த்துக் களைத்திருந்தாள்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ரூபன் வந்தான். இந்த முறை கத்தவில்லை. அக்கா தட்டில் வைத்த முறுக்கை உடைத்துத் தின்றுகொண்டே, பெரிய மனுஷன்போல் பேசினான்.

“வீரம்மாக்கா எனக்கும் அக்காதான் மாமா. என் சம்மனை எல்லாம் பத்திரமா வெச்சிருக்காங்க. அவங்களை விடுவேனா? நாளைக்குக் காலைல நூத்துப் பத்தொன்பதாச் சேர்த்துடறேன். கமிட்டி முத்திரை என்கிட்டதான் இருக்கு. உங்க மனுவுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும்ல? முன்மொழிய நான், வழிமொழிய நம்ம கமிட்டி தீபன்.”

“நாலாவதை எடுக்கணும்.”

“எடுக்க வேணாம் மாமா. நாலுன்னு ஒண்ணு இருக்கணும்ல? கொஞ்சம் மாத்திக்கலாம். ‘பட்டியலில் உள்ள அனைவருக்கும் வீடு’. நல்லாத்தானே இருக்கு? யாருக்கு வலிக்குது?”

“நாப்பது வீடு லா. நூத்துப் பத்தொன்பது பேரு.”

“அது ஜெயிச்சப்புறம் பார்த்துக்கலாம்.”

மாயாண்டி மகளைப் பார்த்தார். தினேஸ்வரி தட்டைப் பார்த்தாள். “அந்த நாலாவது ஒண்ணுதாம்பா நான் மனசார டைப் பண்ணினது,” என்றாள். “மத்ததெல்லாம் எல்லா நோட்டீசுலயும் இருக்கறதுதான்.”

“உனக்கு என்னடி தெரியும்? அத்தை தெருவுல நிக்கணுமா?” என்றாள் முத்தம்மா. நாத்தனார் மேல் அவளுக்கு அப்படியொரு பாசம் இருந்தது அன்றைக்குத்தான் வெளிவந்தது. பிறகு, ஐந்து நாளில் முதல்முறையாக, கணவனை நேரே பார்த்துக் கேட்டாள்: “என்னங்க சொல்றீங்க?”

மாயாண்டி தம்பிமுத்துவுக்குப் போன் போடலாமா என்று நினைத்தார். ராமையாவை இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாமா என்றும் நினைத்தார். எட்டுப் ‘பார்க்கலாம்’ ஒரு பக்கம், கையில் முத்திரையோடு மச்சினன் ஒரு பக்கம். நாளைக்கு மூன்று மணி. அக்காவுக்கு ஒரு கதவு.

“மாத்திடு தினேஷு,” என்றார்.

அவள் அங்கேயே, எச்சில் கையைத் துடைத்துவிட்டு, கைப்பேசியில் மாற்றினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முத்தம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

தம்பிமுத்து புது நோட்டீசைக் கண்ணாடி போட்டு ஒருமுறை வாசித்தார். “இப்ப மிச்சம் நாயும் கால்வாயும்தான், தம்பி. அதுக்கு நீர் ஏன் நிக்க வேணும்?” என்றார். பிரசாரத்துக்கு வரவில்லை.

•

தேர்தல் அலுவலகம் மரச் சின்னம் கொடுத்தது. ‘பால் மரமா, செம்பனையா?’ என்று சந்து சிரித்தது. மாயாண்டி பதினாலு நாளும் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றினார். புந்தோங்கில் கைதட்டல் காதைப் பிளந்தது. ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்.

லயத்தில் ஒரே ஒரு கூட்டம் போட்டார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக் கொட்டகை முன்னால், ஒன்பது குடும்பமும் பிளாஸ்டிக் நாற்காலியில். வீரம்மா முன்வரிசை. அவர் கால்வாய், பஸ், பட்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, நாலாவதில் கொஞ்சம் வேகமாகப் பேசினார்.

ராமையா கையைத் தூக்கினார். “தம்பி, முன்னாடி வந்த தாளுல எங்களுக்குத்தான்னு இருந்துச்சாமே. என் பேரன் படிச்சுக் காட்டினான்.”

“இப்போ எல்லாருக்கும், மாமா. யாரையும் விடக்கூடாதுன்னு...”

“எல்லாருக்கும்னா நாப்பது எப்படிப் போதும்?”

மாயாண்டி தெருநாய்ப் பிரச்சினைக்குப் போனார். கூட்டம் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தது, பிறகு கோப்பியைப் பார்த்தது. வீரம்மா மட்டும் கைதட்டினாள். என்ன சொன்னார் என்று புரிந்து தட்டினாளா, தம்பி என்பதற்காகத் தட்டினாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணிக்கையில் மரத்துக்கு நூற்று எழுபத்து மூன்று. புந்தோங்கில் கறிச்சோறு தின்றவர்களை மட்டும் எண்ணினாலே அதற்குமேல் வரும் என்று ராக்காயி விரல்விட்டுக் காட்டினாள். லயத்திலேயே குடியிருந்த எட்டு வீட்டுக்காரர்களும் வேறு சின்னத்துக்குப் போட்டதைத் தாங்களே சொன்னார்கள். அங்கிருந்து மரத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. வீரம்மாவுக்கு ஓட்டு அங்கே இல்லை, அவள் புந்தோங் முகவரிக்காரி.

ஜெயித்து வந்த புது ஒய்.பி. சிக்கலை ஒரே நாளில் தீர்த்தார். நூற்றுப் பத்தொன்பது பெயர், நாற்பது வீடு, குலுக்கல். நியாயமாகத்தானே இருக்கிறது? புந்தோங்கிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்து கூடினார்கள். அதே பிள்ளைக் கொட்டகை. ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்க வைத்தார்கள். பதினெட்டாவது சீட்டு ரூபன். இருபத்திரண்டாவது தீபன். முப்பத்தொன்றாவது ராமையா. ஒவ்வொரு பெயருக்கும் வீரம்மா சேலைத் தலைப்பை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே வந்தாள். நாற்பதாவது பெயர் கோலாலம்பூரில் இருபது வருஷமாக இருக்கிற ஒருவருடையது. அவர் வரவுமில்லை. வீரம்மா சுற்றியதை எல்லாம் ஒன்றொன்றாக அவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

ஒன்பது குடும்பத்தில் மூன்று பேருக்கு விழுந்தது. கூட்டம் கலைந்தபோது ராமையா மாயாண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். வீடு கிடைத்த முகமாக இல்லை.

“நாங்க எட்டு வீடும் பேசி வெச்சிருந்தோம் தம்பி. கையெழுத்துப் போடறதுன்னு.”

“அன்னைக்கு வேணாம்னீங்களே மாமா?”

“வேணாம்னு எங்கே சொன்னேன்? பார்க்கலாம்னேன்.” ராமையா அவரை, நிஜமாகவே புரியாதவர்போல், ஏறிட்டுப் பார்த்தார். “தோட்டத்துல முதல் தடவை கேட்டவுடனே யாரு தலையாட்டுவா? கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக்கூட ரெண்டாந்தடவை வந்தாத்தானே வெத்தலை எடுப்போம்? உங்கப்பன் அப்படித்தானே எல்லாத்தையும் கேப்பான்? மறுநா வருவேன்னு பார்த்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்த்தோம். நீ வரலை.”

மாயாண்டிக்கு அது தெரியும். தெரிந்திருந்தது. புந்தோங்கில் ஒரு தடவைதான் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் அவருக்கும் அதுவே பழகிப்போயிருந்தது.

அவர் அக்காவைத் தேடினார். வீரம்மா தன் வீட்டு வாசலில் நின்று, வந்தவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் தபாலைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் இங்கே வராது, வேறெங்காவது எழுதச் சொல்லிடுங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். தம்பி வந்து நின்றபோது அவனுக்குக் கொடுக்கத் தபால் ஒன்றும் இல்லை.

“எங்கூட வாக்கா.”

“பார்க்கலாம்,” என்றாள் வீரம்மா.

மாயாண்டி மறுநாள் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கேட்கவேண்டிய அளவுக்கும் மேலேயே கேட்டார். வெள்ளிக்கிழமை போனபோது கதவில் பூட்டு. அடுத்த வாரம் கதவும் இல்லை, லயமும் இல்லை.

•

ரூபன் தனக்கு விழுந்த வீட்டில் ஒருநாளும் படுக்கவில்லை. இப்போது அங்கே நேப்பாளத்துப் பையன்கள் ஐந்து பேர். தீபன் தன்னுடையதைக் கைமாற்றிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனான். தம்பிமுத்து, மனைவி காலமான பிறகு, மகனோடு கிள்ளானுக்குப் போய்விட்டார்; போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, மாயாண்டியின் வேனையும் கூப்பிடவில்லை. மாயாண்டி வேனை விற்றுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலுக்கு இருக்கிறார். அடுத்த தேர்தலில் நிற்பாரா என்று சந்து கேலிக்காகக்கூடக் கேட்பதில்லை.

வீரம்மா தாப்பாவுக்குப் போனாள். லயத்தில் முன்பு கூட இருந்த ஒருத்தியின் மகள் அங்கே பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள். வீரம்மா அங்கே காய் நறுக்குகிறாள், கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளோடு படுக்கிறாள். அந்த அறைக்குத் துணித் திரைதான் போட்டிருக்கிறது என்று, தாப்பா வழியாக மலைக்குப் போய் வந்த ராக்காயி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

தினேஸ்வரிக்குப் போன தை மாசம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பவித்ரன், பாரிட் புந்தாரில் நெல் ஆலையில் எலக்ட்ரீஷியன். பெண் தானே பார்த்துப் பிடித்தது. எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் பார்த்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. முத்தம்மா அறுநூறு பேருக்குப் பத்திரிகை அடித்தாள். மாயாண்டி அக்காவுக்கு மட்டும் இரண்டு தடவை நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார். வீரம்மா இரண்டு தடவையும் வாங்கிக்கொண்டாள், வருவதாகவும் சொன்னாள்.

கல்யாணத்தன்று வரவில்லை. கேட்டதற்கு, தாப்பாவிலிருந்து ஈப்போவுக்குப் பஸ் கிடைக்கவில்லை என்றாளாம். அவள் இருப்பது பஸ் நிலையத்துக்கு எதிரில்.